தமஹிமே சந்நிதியும் நம் பார்வையும்

ஜப்பானின் ஐச்சி மாநிலத்து இனுயாமா நகரில் ஓகாதா என்ற ஷிண்டோ கோயில் இருக்கிறது. அதன் வளாகத்தில் உள்ள ஹிமே நோ மியா, தமஹிமே என்ற பெண் தெய்வத்தின் சந்நிதி. பிள்ளை வரம் கேட்டும் சுகப்பிரசவம் வேண்டியும் பெண்கள் அங்கே வருகிறார்கள். பெண்குறியின் சாயல் கொண்ட கல்லும் அங்கே வணங்கப்படுகிறது. ஆனால் கேமராக்கள் மொய்ப்பதோ பக்கத்துக் கொமாகியின் தகாதா கோயிலை. அங்கே மார்ச் 15 அன்று சுமார் இரண்டரை மீட்டர் நீளமுள்ள, மரத்தாலான ஆண்குறி ஊர்வலம் போகிறது. உலகச் செய்திகள் அதைக் கேலிக்கூத்தாக்கி விற்கின்றன.

அந்த ஊர்வலத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஹினோகி மரத்தில் ஆண்டுதோறும் புதிதாகச் செதுக்கப்படும் குறியைத் தோள்மாற்றிச் சுமப்பவர்கள் 42 வயது ஆண்கள். ஜப்பானிய மரபில் அது ஆண்களுக்குக் கண்டமான வயது. சிறிய மரக்குறிகளை மார்போடு அணைத்து வருபவர்கள் 36 வயதுப் பெண்கள். அவர்களுக்கும் அது கண்டம்தான். விழா எடுப்பது விளைச்சல் செழிக்க. பயிர் பொய்க்குமோ, உயிர் தங்காதோ என்ற அச்சத்திலிருந்து பிறந்த வழிபாட்டை ஆபாசம் என்பது அறியாமை. ஜப்பானுக்குள்ளேயே அந்தப் பார்வையைச் சட்டமாக்கியது மெய்ஜி அரசு. மேலைநாட்டார் முன் கூச்சப்பட்டு, 1872இல் குறி வழிபாட்டுச் சின்னங்களை அகற்ற ஆணையிட்டது. இன்று சிரிப்பவர்கள் அந்தக் கூச்சத்தைத்தான் சுமக்கிறார்கள்.

இத்தகைய வழிபாடு பெண்ணை வெறும் கருப்பையாக்குகிறது என்ற பெண்ணியவாதிகளின் மறுப்பு வலுவானது. ஃபூஜி மலையின் தெய்வம் கொனோஹனா சகுயாஹிமே, பிரசவம் காப்பவள். அவள் மலையின் உச்சிக்குப் பெண்கள் ஏறத் தடை இருந்தது. அதை நீக்கியதும் அதே 1872இல் அதே மெய்ஜி அரசுதான். தெய்வம் பெண்ணாக இருப்பதால் மட்டும் பெண்ணுக்கு உரிமை வந்துவிடாது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் பெண்ணைத் தடுத்தது தீட்டுக் கொள்கை. பிரசவத்துக்கு அஞ்சியவளின் வேண்டுதல் அல்ல. அந்த வேண்டுதல் தாய்மையோடு நின்றுவிடவும் இல்லை. கவாசாகியின் கனயாமா கோயிலில் பாலியல் தொழில் செய்த பெண்கள் நோய் அண்டாதிருக்க வேண்டினார்கள். இன்று அங்கே நடக்கும் கனமாரா விழா எச்ஐவி ஆய்வுக்கு நிதி திரட்டுகிறது. உடலின் துயரத்தைச் சொல்ல வெட்கப்படாத இடம் எந்தச் சமூகத்துக்கும் தேவை.

மார்ச் மாதம் ஐச்சிப் பக்கம் போகும் வாசகர்கள் தகாதாவோடு திரும்பிவிட வேண்டாம். மெய்டெட்சு கொமாகி ரயில் தடத்தில் அடுத்த நிலையமான காகுதெனில் இறங்கினால் ஓகாதாவுக்கு நடந்தே போகலாம்.