முதற்பிரதி யாருக்கு?

சென்ற வருடம் எமது பிரதேசத்தில் நடைபெற்ற ஓர் இலக்கியச் சந்திப்பில், அமெரிக்காவின் பொஸ்டன் பகுதியைச் சேர்ந்த 'த கொமினாஸ்' என்ற றொக் இசைக்குழுவைப் பற்றிப் பேச எழுந்தேன். பேசி முடிக்கக் கிடைக்கவில்லை. மூத்த கவிஞர் ஒருவர் இடைமறித்து, "சேர், இது ஷைத்தானுடைய கூத்து. இதை ஏன் இங்க கொண்டு வாறீங்க?" என்றார். அவருக்குப் பக்கத்தில் இருந்த விமர்சக நண்பரோ, "கூத்தோ இல்லையோ, இது இலக்கியம் இல்லைதானே" என்றார். அக்குழுவின் ஒரு பாடலையாவது கேட்டிருக்கிறீர்களா என்று வினவினேன். கேட்கத் தேவையில்லை என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். அவ்விருவரும் ஒரு விடயத்தில் உடன்பட்டதை நான் அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன். தேநீர் வந்தது. கூட்டம் கலைந்தது. எனக்கு மட்டும் விடயம் முடியவில்லை. எனவே இந்தக் கட்டுரை.

கொமினாஸ் 2005 இல் உருவான குழு. தொடங்கியவர்கள் பஸீம் உஸ்மானி, ஷாஜஹான் கான் என்ற இரு இளைஞர்கள். இருவரும் பாகிஸ்தானியக் குடும்பங்களில் வந்தவர்கள். 'கமீனா' என்றால் உருதுவிலும் பஞ்சாபியிலும் போக்கிரி, ஈனப்பயல் என்று பொருள். தெருவில் தம்மை நோக்கி எறியப்படக்கூடிய சொல்லைத் தாமே எடுத்துப் பெயராகச் சூட்டிக்கொண்டார்கள். 2008 இல் தமது முதல் இசைத்தட்டை எந்தப் பெரிய கம்பனியின் வாசலிலும் நிற்காமல் தாங்களே வெளியிட்டார்கள். அதன் பெயரைத் தமிழில் 'குவாண்டனாமோ குடாவில் களியாட்ட இரவுகள்' என்று சொல்லலாம். அந்தச் சிறையில் முஸ்லிம் கைதிகள் விசாரணையின்றி அடைக்கப்பட்டிருந்த காலத்தில், அமெரிக்க மண்ணில் வளர்ந்த முஸ்லிம் பையன்கள் தமது இறுவட்டின் முகத்தில் இட்ட பெயர் அது. நமது கவிஞர் இதைக் கூத்து என்கிறார். சரி, கூத்தென்றே வைத்துக்கொள்வோம். இந்தக் கூத்தை ஆட எத்தனை பேருக்குத் தைரியம் வரும்?

விமர்சக நண்பருக்கு ஒரு தகவல். இந்தக் கதை தொடங்குவதே ஒரு நாவலில்தான். மைக்கல் முஹம்மத் நைட் என்ற அமெரிக்கர் பதின்ம வயதில் இஸ்லாத்தைத் தழுவி, இஸ்லாமாபாத் சென்று பைசல் பள்ளிவாசலில் மார்க்கம் படித்து, பின்னர் மனம் குழம்பித் திரும்பியவர். அவர் எழுதிய நாவல் 'தக்வாகோர்ஸ்'. பபலோ நகரில் ஒரு பழைய வீடு. அதில் சில முஸ்லிம் இளைஞர்கள். ஒருவன் உடம்பெல்லாம் பச்சை குத்தியவன், ஆனால் மதுவைத் தொடாத கண்டிப்பான சுன்னி. ஒருத்தி புர்கா அணிந்தவள், அந்த புர்காவில் பங்க் குழுக்களின் பெயர்களைத் தைத்து வைத்திருப்பவள். அதே கூடத்தில் தொழுகையும் நடக்கிறது, கச்சேரியும் நடக்கிறது. இந்நாவலை நைட் முதலில் போட்டோப்பிரதி எடுத்து, சுருள்கம்பி போட்டுக் கட்டி, கையோடு கொண்டுபோய்க் கொடுத்தார். அதன் பிறகுதான், 2004 இல், அச்சுப் புத்தகமாக வந்தது.

நடந்ததைப் பாருங்கள். நாவலில் வரும் முஸ்லிம் பங்க் குழுக்கள் அனைத்தும் கற்பனை. ஆனால் டெக்சாஸில் ஒரு பையன் நாவலின் முகப்பில் இருந்த கவிதைக்கு இசையமைத்துப் பாடி ஆசிரியருக்கே அனுப்பினான். சிக்காகோவில் ஒரு குழு, வான்கூவரில் ஒரு குழு, பொஸ்டனில் கொமினாஸ் என்று தொடர்ந்தது. தனியாக இருக்கிறோம் என்று நினைத்திருந்த பிள்ளைகள் ஒரு போட்டோப்பிரதியினூடாக ஒருவரை ஒருவர் கண்டுகொண்டார்கள். ஒரு நாவல் இப்படி ஒரு தலைமுறையைக் கூட்டி வைத்ததை நம்மில் எவர் செய்திருக்கிறோம்? இது இலக்கியம் இல்லையென்றால் இலக்கியம் என்பது எதுவென்று நண்பர் எழுதட்டும், இந்த இதழிலேயே.

2007 இல் இவர்கள் ஒரு பழைய பாடசாலை பஸ்ஸை வாங்கிப் பச்சை வர்ணம் பூசி, அதில் ஏறி ஊர் ஊராகப் போனார்கள். (பாடசாலை பஸ் என்று வாசித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. நமது பிள்ளைகளை ஏற்றாமல் போகும் பஸ்களைப் பற்றி அதிபருக்குக் கடிதம் எழுதி எழுதியே எனது பேனை தேய்ந்துவிட்டது.) போகிற இடத்தில் வாசித்தார்கள். தமது இசைத்தட்டுக்கும் அடுத்த கச்சேரிக்கும் தாமே விளம்பரக்காரர்கள். சிக்காகோவுக்கு அருகில் வட அமெரிக்க இஸ்லாமியச் சங்கத்தின் வருடாந்த மாநாட்டில் யாரும் ஏறக்கூடிய திறந்த மேடை ஒன்று இருந்தது. அதில் ஏறினார்கள். பர்தா அணிந்த யுவதிகள் உட்பட இளைஞர் கூட்டம் ஆரவாரித்தது. வான்கூவர் குழுவின் பாடகி, ஒரு பெண், பாடத் தொடங்கியதும் ஏற்பாட்டாளர்கள் நிறுத்தினார்கள். பொலிஸ் வந்தது. குழுக்கள் வெளியேற்றப்பட்டன. உமர் மஜீத் என்ற கனேடிய இயக்குனரின் ஆவணப்படத்தில் இச்சம்பவம் பதிவாகியிருக்கிறது.

நமது கூட்டத்தில் எனக்கு நடந்ததற்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை. பொலிஸுக்குப் பதிலாகத் தேநீர் வந்தது, அவ்வளவுதான்.

இசை ஹராமா ஹலாலா என்ற விவாதத்துக்குள் நான் நீண்ட தூரம் போக மாட்டேன். அதற்குரிய அறிவு எனக்கில்லை. ஸ்பெயினின் இப்னு ஹஸ்ம் இசைக் கருவிகளைத் தடை செய்யும் அறிவிப்புகளின் பலத்தை ஏற்கவில்லை என்பதும், இமாம் கஸ்ஸாலி 'இஹ்யா'வில் இசை கேட்பது பற்றி ஒரு தனிப் பகுதியே எழுதினார் என்பதும் மௌலவிமாருக்குத் தெரியும். நமக்குத் தெரிந்தது வேறொன்று. நோன்பு காலத்தில் ஸஹருக்கு எழுப்ப றபான் அடித்துப் பாடிக்கொண்டு வீதியால் வந்த பாவாமார். அவர்களுக்கு விளம்பரம் அவர்களுடைய தொண்டைதான். கேட்டவர் கொடுத்ததைப் பெற்றுக்கொண்டு அடுத்த ஒழுங்கைக்குப் போனார்கள். கிழக்கில் பொல்லடி அண்ணாவியார் ஒருவர் பையன்களைப் பழக்கிக் கல்யாண வீட்டுக்குக் கொண்டுபோவதும் ஏறத்தாழ இதே தொழில்தான். சிங்களக் கவிகொலக்காரர்கள் தாமே இயற்றிய கவியை ஒரு தாளில் அச்சடித்து, பஸ்ஸிலும் சந்தையிலும் பாடிக் காட்டி விற்றார்கள். பச்சை பஸ்ஸில் போன கமீனாக்கள் எனக்கு அந்நியராகத் தெரியாததற்கு இதுவே காரணம்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். கொமினாஸின் எல்லாப் பாடல்களையும் நான் ஏற்கவில்லை. ஒரு பாடலின் தலைப்பை, அது உயிரோடிருக்கும் ஓர் இமாமைப் பற்றியது, இந்தப் பக்கத்தில் எழுதக்கூட எனக்கு மனமில்லை. சிலவற்றில் சினம் இருக்கிறது, சிந்தனை இல்லை. பாடகரின் குரல் சில இடங்களில் சுருதியைத் தேடிப்போய்க் கண்டுபிடிக்காமலே திரும்பி வருகிறது. ஆனால் இதையெல்லாம் நான் சொல்வது கேட்ட பிறகு. மறுப்பதற்கும் கேட்டிருக்க வேண்டுமல்லவா?

இனி எனது குற்றச்சாட்டுக்கு வருகிறேன்.

தானே வெளியிடுதல் என்பது றொக் உலகில் புதிதல்ல. 1977 இல் மன்செஸ்டரின் 'பஸ்கொக்ஸ்' குழு கடன் வாங்கிய சுமார் 500 பவுணில் 1,000 இசைத்தட்டுகள் அடித்தது. முடிவில் 16,000 விற்றது. வொஷிங்டனில் 'டீன் ஐடில்ஸ்' என்ற பள்ளிப் பிள்ளைகள் கச்சேரிகளில் கிடைத்த காசை ஒருவரும் பங்கிட்டு எடுக்காமல் சேர்த்து வைத்தார்கள். சுமார் 600 டொலர். குழு கலைந்தபோது அந்தப் பணத்தில் 1,000 இசைத்தட்டு அடித்து, உறைகளைத் தாமே வெட்டி, மடித்து, பசை தடவி ஒட்டினார்கள். 'டிஸ்கோர்ட்' என்ற வெளியீட்டகம் அப்படித்தான் 1980 இல் பிறந்தது. அதே இயன் மெக்கே பின்னர் 'ஃபுகாசி' குழுவில் இருந்தபோது கச்சேரிக் கட்டணத்தை ஐந்து டொலர் அளவிலேயே வைத்திருக்கப் பாடுபட்டார். (இவர் மது அருந்தாதவர். மது விற்கக்கூடாத வயதினர் என்று பிள்ளைகளின் கையில் இடப்படும் பெருக்கல் குறியை அவருடைய கூட்டம் பெருமைச் சின்னமாக்கிக்கொண்டது. ஷைத்தானின் கூத்து என்றவர் இதையும் குறித்துக்கொள்ளட்டும்.)

நாமும் தானே வெளியிடுபவர்கள்தாம். இலங்கை முஸ்லிம் எழுத்தாளரில் பெரும்பாலானோர் மனைவியின் நகையை அடகு வைத்தோ, சம்பளக் கடன் எடுத்தோ புத்தகம் போட்டவர்கள். இந்த அளவில் நாம் கமீனாக்களுக்குக் குறைந்தவர்கள் அல்லர். ஆனால் அச்சகத்திலிருந்து புத்தகம் வந்தவுடன் நாம் என்ன செய்கிறோம்? மண்டபம் எடுக்கிறோம். அழைப்பிதழில் இருபது பெயர் போடுகிறோம். பொன்னாடை வாங்குகிறோம். முதற்பிரதியை ஒரு தனவந்தர் பெறுகிறார், சிறப்புப் பிரதியை அவருடைய மைத்துனர் பெறுகிறார். உறையில் பணம் வருகிறது. உறை தந்தவர் புத்தகத்தை வாகனத்தின் பின் ஆசனத்தில் போட்டுவிட்டுப் போகிறார். வாசகன் என்ற ஒருவன் இந்த வைபவத்தில் எந்த வரிசையில் அமர்ந்திருந்தான்?

பிறரைக் குறை சொல்லும் முன் எனது கணக்கைக் காட்டுகிறேன். 2009 இல் எனது கவிதைத் தொகுப்பு 500 பிரதி அச்சானது. அதில் ஒரு கவிதை பதின்மூன்று வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு நகரத்துப் புடைவைக் கடைக்குப் போன ஒரு பையனைப் பற்றியது. அவன் எனது வகுப்பில் இருந்தவன். முதற்பிரதி பெறவிருந்தவருக்கு அப்படியான கடைகள் இருந்தன. அவர் ஒன்றும் சொல்லவில்லை, அவருக்குக் கவிதை இருப்பதே தெரியாது. விழாக் குழுவில் இருந்த நண்பர்தான், "எதுக்கு மச்சான், அந்த மனிசனைச் சங்கடப்படுத்துற?" என்றார். நான் எடுத்துவிட்டேன். விழா சிறப்பாக நடந்தது. உறைகளில் அச்சகக் கடன் தீர்ந்தது. எஞ்சிய முந்நூற்றுச் சொச்சம் பிரதிகளைக் கறையான் வாசித்தது. ஒருவரும் என்னை வற்புறுத்தவில்லை என்பதுதான் இதில் எனக்கு இன்றும் வலிக்கிற இடம். எங்கள் தணிக்கையாளர் வெளியில் இல்லை, அழைப்பிதழில் இருக்கிறார்.

கைக்குக் கை விற்பவனுக்கு இந்தச் சங்கடம் கிடையாது. கச்சேரிக்கு வந்த ஒருவன் பாட்டைக் கேட்டு, பிடித்து, பையிலிருந்து காசெடுத்து இறுவட்டை வாங்குகிறான். பிடிக்காதவன் வாங்கமாட்டான். கமீனாக்கள் குவாண்டனாமோ என்ற பெயரைத் தட்டின் மேல் போட முடிந்தது அதனால்தான். முதற்பிரதி பெற ஒரு பெரிய மனிதரை அவர்கள் தேடியிருந்தால், அப்பெயரை மாற்றச் சொல்ல ஒரு மச்சான் அங்கும் கிடைத்திருப்பான்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும், நியாயமானதுதான். அமெரிக்காவில் பாடிவிட்டு வீட்டுக்குப் போகலாம், இங்கே? சிக்காகோவில் பொலிஸ் வந்து வெளியே அனுப்பியது. இங்கே, 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களுக்குப் பின், அரபு எழுத்துள்ள புத்தகங்களை நாம் கிணற்றிலும் அடுப்பிலும் போட்டோம். அஹ்னாப் ஜஸீம் என்ற இளம் ஆசிரியர், கவிஞர், 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதானார். 2017 இல் வெளிவந்த அவருடைய 'நவரசம்' தொகுப்பு தீவிரவாதம் என்று காட்டப்பட்டது. வாசித்தவர்கள் அதில் கண்டது வன்முறைக்கு எதிரான கவிதைகளை. 2021 டிசம்பரில்தான் பிணை கிடைத்தது. 2023 டிசம்பரில் மேல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. ஒரு தமிழ்க் கவிதைப் புத்தகத்துக்காக ஒன்றரை வருடத்துக்கும் மேல் சிறை. ஆகவே அவர்களுடைய துணிவின் விலையும் நமது துணிவின் விலையும் ஒன்றல்ல, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் வான்கூவர் பெண்ணின் குழுவுக்கு என்ன பெயர் தெரியுமா? 'சீக்ரட் ட்ரயல் ஃபைவ்'. கனடாவில் இரகசிய சாட்சியங்களின் பேரில் தடுத்து வைக்கப்பட்ட ஐந்து முஸ்லிம் ஆண்களின் நினைவாக வைத்த பெயர். ஒவ்வொரு சுவரொட்டியிலும் அந்த ஐவரும் இருந்தார்கள். அஹ்னாப் உள்ளே இருந்த காலத்தில் சில சட்டத்தரணிகளும் சில எழுத்தாளர்களும் பேசினார்கள், எழுதினார்கள். அவர்களைத் தவிர்த்துக் கேட்கிறேன். நமது எத்தனை வெளியீட்டு விழாக்களில் அந்தப் பெயர் உச்சரிக்கப்பட்டது? எத்தனை கவியரங்குகள் அவருக்காக ஒரு கதிரையை வெறுமையாக விட்டன? நானும் ஆசிரியன், நானும் கவிதை எழுதுபவன். நான் என்ன செய்தேன்? எனது அலுமாரியிலிருந்த 'நவரசம்' பிரதியை அரிசிச் சாக்குக்குள் வைத்தேன். பயந்தேன் என்று சொல்வதில் வெட்கமில்லை. ஆனால் பயந்ததை மார்க்கம் என்றும், தரம் என்றும் பெயர் மாற்றிச் சொல்கிறோமே, அதைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை. கவிஞரும் விமர்சகரும் அந்த இசைக்குழுவை மறுத்ததற்கு அவரவர் சொன்ன காரணங்களை நான் நம்பவில்லை. அந்தப் பையன்கள் ஒருவரிடமும் அனுமதி கேட்கவில்லை என்பதுதான் இருவரையும் உறுத்தியது.

2009 இல் எடுத்துவிட்ட கவிதையைத் தேடினேன். வரவுப் பதிவேடு ஒன்றின் பின்பக்கத்தில் இருந்தது. அதோடு வேறு எங்கும் கொடுக்காத ஆறு கவிதைகளையும் சேர்த்து, சென்ற மாதம் சந்தியிலுள்ள போட்டோப்பிரதிக் கடையில் நாற்பது பிரதி எடுத்தேன். மடித்து ஊசி அடித்தது நானும் எனது மகளும். விலை நூறு ரூபாய். அடுத்த சந்திப்புக்குக் கொண்டுவருவேன், வாசலில் நின்று விற்பேன், விரும்பியவர் அங்கேயே நின்று வாசித்துப் பார்க்கலாம். கவிஞருக்கும் விமர்சகருக்கும் இலவசப் பிரதி கிடையாது. முதற்பிரதியும் இல்லை. கடைத் தம்பி மெஷினிலிருந்து வந்ததை நின்றபடியே வாசித்துவிட்டு ஒன்றைத் தனக்கென எடுத்து வைத்துக்கொண்டு, எனது கூலியில் நூறு ரூபாயைக் கழித்துவிட்டார்.