மடிக்கணினி வரும்வரை பிள்ளைகள் காத்திருக்க முடியாது

சிங்கப்பூர், டிசம்பர் 2020

லிங்கி, ரந்தாவ், சிலியாவ், பகாவ் பக்கத்துத் தோட்டங்களில் இருக்கும் அண்ணன் அக்காமார்களுக்கும் தம்பி தங்கைகளுக்கும்,

மார்ச் 18ஆம் தேதி கொரோனாவால் மலேசிய எல்லை மூடியதிலிருந்து ஊருக்கு வர முடியவில்லை. போன் போட்டால் இப்போது எல்லா வீட்டிலும் ஒரே கேள்விதான்: "சின்ன லேப்டாப் கொடுக்கப் போறாங்களாமே, நம்ம பிள்ளைக்குக் கிடைக்குமா?" கணினி பழுது பார்த்துப் பிழைப்பவன் என்பதால் என்னிடம் கேட்கிறீர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எல்லோருக்குமாக எழுதிவிடுகிறேன்.

நவம்பர் 6ஆம் தேதி வரவு செலவுத் திட்டத்தில் நிதியமைச்சர் அறிவித்தது இதுதான். அரசு சார்ந்த நிறுவனங்கள் யாயாசான் ஹசானா அறக்கட்டளை வழியாக 15 கோடி வெள்ளி போடுகின்றன. 500 பள்ளிகளில் படிக்கும் 150,000 மாணவர்களுக்கு மடிக்கணினி. ஒரு பிள்ளைக்கு ஏறக்குறைய 1,000 வெள்ளி. நல்ல காரியம், மனதார வரவேற்கிறேன். ஆனால் நாட்டில் பள்ளிகள் பத்தாயிரத்துக்கும் மேல். நெகிரி செம்பிலானில் தமிழ்ப்பள்ளிகள் மட்டுமே 61. முதல் சுற்றிலேயே நம் பள்ளியின் பெயர் வந்துவிடும் என்று நம்பிக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியாது.

நவம்பர் 9 முதல் பள்ளிகள் மூடிக் கிடக்கின்றன. என் அக்கா மகன் ஐந்தாம் ஆண்டு. வீட்டில் இருப்பது ஒரே ஹேண்ட்போன், அது அத்தானுடையது. அவர் செம்பனைக் குலை வெட்டப் போகும்போது அதுவும் சட்டைப்பையில் போய்விடும். மண்டோர் கூப்பிடுவார், லாரிக்காரர் கூப்பிடுவார், வீட்டில் வைத்துவிட்டுப் போக வழியில்லை. மாலையில் அவர் திரும்பி வந்த பிறகுதான் பையனுக்குக் காலைப் பாடம். ஆசிரியர் அனுப்பிய கணக்குத் தாளை விரலால் பெரிதாக்கி, இந்த ஓரம் அந்த ஓரம் என்று இழுத்துப் பார்த்து நோட்டில் எழுதுகிறான். திரையில் ஒரு கீறல். பின்னத்தின் நடுக்கோடு எது, கீறல் எது என்று அவனுக்குப் பிடிபடவில்லை. எழுதியதைக் குழல் விளக்கின் கீழ் வைத்துப் படம் எடுத்து அனுப்பி முடிக்க மணி ஒன்பது ஆகிவிடுகிறது. கல்வி அமைச்சு ஏப்ரலில் வெளியிட்ட ஆய்விலேயே 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்தக் கருவியும் இல்லை என்று தெரிந்தது. மடிக்கணினி வைத்திருந்தவர்கள் 9 விழுக்காடுதான்.

மலிவு விலைக் கணினி வருகிறது என்ற பேச்சு புதிதல்ல. 2005இல் நிக்கோலஸ் நெக்ரோபாண்டே 100 டாலர் மடிக்கணினியை உலகத்துக்குக் காட்டினார். இரண்டு ஆண்டு கழித்து அது தயாராகி வந்தபோது விலை 200 டாலரை நெருங்கியிருந்தது. 2007இல் ஏசுஸ் நிறுவனத்தின் ஏழு அங்குல ஈ பிசியும் 199 டாலர் என்றுதான் முதலில் பேசப்பட்டது. கடைக்கு வந்தபோது விலை ஏறியிருந்தது. யாரையும் குறை சொல்லவில்லை. இந்தச் சாமான்கள் சொன்ன தேதியில் சொன்ன விலைக்கு வருவது அபூர்வம். நம் பிள்ளைகளுக்கோ ஜனவரி 20ஆம் தேதி புதிய பள்ளியாண்டு தொடங்குகிறது. எஸ்பிஎம் எழுதுகிறவர்களுக்குப் பிப்ரவரி 22ஆம் தேதி தேர்வே தொடங்குகிறது.

சேமநிதியிலிருந்து ஐ-லெஸ்தாரி திட்டத்தில் எடுத்த 500 வெள்ளியை வைத்துக்கொண்டு, தவணையில் புதுசு வாங்கலாமா என்று சிலர் கேட்டீர்கள். தயவுசெய்து அவசரப்படாதீர்கள். மிக மலிவான சின்ன விண்டோஸ் மடிக்கணினிகளில் பலவற்றுக்கு 2 ஜிபி ரேம், 32 ஜிபி சேமிப்பு. விண்டோஸ் 10 தானே அதில் பெரும் பகுதியைப் பிடித்துக்கொள்ளும். அடுத்த அப்டேட் வரும்போது இடம் போதாமல் பாதியில் நின்றுவிடும். என் மேசைக்கு அப்படி வருவதை வாரந்தோறும் பார்க்கிறேன். புதுசு, பளபளப்பு, ஆறே மாதத்தில் அசையாது. அதே காசுக்கு, அலுவலகங்கள் மூன்று நான்கு ஆண்டு ஓட்டிவிட்டுக் கழிக்கும் திங்க்பேட் போன்றவை கிடைக்கும். பார்க்க அழகில்லை, கனமும் கூட. ஆனால் விசைப்பலகை எளிதில் தேயாது, பலவற்றில் பேட்டரியை மாற்றலாம், 4 ஜிபி ரேமை 8 ஆக்கலாம். குரோம்புக் என்றால் 32 ஜிபி போதும். ஆனால் எந்த ஆண்டுவரை அப்டேட் வரும் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். பழைய குரோம்புக்கில் அந்தக் காலம் முடிந்தே போயிருக்கலாம்.

லைன் இல்லாமல் எந்தக் கணினி வந்தும் பயனில்லை. ஆகஸ்டில் தொடங்கிய ஜெண்டேலா திட்டத்தில் 4ஜி சேவையை 96.9 விழுக்காட்டுக்குக் கொண்டுபோகப் போகிறார்கள். அடுத்த ஆண்டு முடிவில் 3ஜி நிறுத்தப்படுகிறது. ஆகவே பழைய 3ஜி மோடம் யாரும் வாங்க வேண்டாம். ஆனால் தோட்டம் கம்பெனி நிலம். கோபுரம் நடவும் கேபிள் இழுக்கவும் அவர்கள் ஒப்புதல் வேண்டும். அதைக் கேட்டு வாங்குவது தனி ஆளால் ஆகாது. பெற்றோர் ஆசிரியர் சங்கமும் கோயில் கமிட்டியும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு மானேஜரிடம் கடிதம் கொடுங்கள். என் வேண்டுகோள்களில் இதைத்தான் முதலில் வைக்கிறேன்.

அடுத்தது இடம். ஒவ்வொரு தோட்டத்திலும் ஆயாக்கொட்டகையோ கோயில் மண்டபமோ பகலில் சும்மாதான் கிடக்கிறது. அதில் நான்கு பழைய மடிக்கணினிகள், ஒரு 4ஜி ரூட்டர், இடைவெளி விட்டு நான்கு மேசைகள். பிள்ளைகள் முறை வைத்து வரட்டும். தேர்வு எழுதுகிறவர்களுக்குக் காலை நேரத்தைக் கொடுங்கள். படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கும் அக்கா ஒருத்தி மேற்பார்வை பார்க்கட்டும், அவளுக்கு மாதம் ஏதாவது கொடுப்போம். தமிழில் தட்டவும் அங்கேயே பழகட்டும். முரசு அஞ்சலையும் செல்லினத்தையும் உருவாக்கிய முத்து நெடுமாறன் நம் நாட்டவர் என்பதையும் பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும்.

பணத்துக்கு நாங்கள் இருக்கிறோம். நம் தோட்டங்களிலிருந்து வந்து இங்கே வேலை செய்பவர்களிடம் பேசிவிட்டேன், கொடுக்கத் தயாராக இருக்கிறார்கள். எல்லை மூடியிருப்பதால் சாமானாக அனுப்ப முடியாது. பணத்தை அனுப்புகிறோம், சிரம்பானில் வாங்கிக்கொள்ளலாம். வாங்கும் முன் கடையில் வைத்தே வீடியோ காலில் எனக்குக் காட்டுங்கள். கேமரா, மைக், பேட்டரி, திரைக் கீல் நான்கையும் பார்த்துச் சொல்கிறேன்.

பள்ளிக்குக் கொடுக்கும் மடிக்கணினி நம் பிள்ளைகளுக்கும் கிடைத்தால் மகிழ்ச்சி. அப்போது இந்தப் பழையவை ஒன்றாம் இரண்டாம் ஆண்டுக் குழந்தைகளுக்கு உதவும்.

பொங்கலுக்குள் எனக்கு ஒரு பட்டியல் வேண்டும்: எந்தத் தோட்டம், எத்தனை பிள்ளைகள், எந்த ஆண்டு அல்லது படிவம், வீட்டில் எத்தனை போன், லயத்தில் எந்தக் கம்பெனி லைன் எடுக்கிறது. எழுதத் தெரிந்த பிள்ளை ஒன்றை வைத்து எழுதி, வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் தோட்டத்துப் பிள்ளை