உங்கள் நினைவில் ஓடும் இரயிலில் நாங்கள் எங்கே?

சேர்வராயன் கோயிலுக்குப் போய்விட்டு இறங்கும் வழியில், ஏற்காடு லேடீஸ் சீட்டில் இருட்டும் நேரத்தில் நின்று பாருங்கள். கீழே சேலம் நகரம் முழுக்க விளக்குப் புள்ளிகளாகத் தெரியும். ஊர் எது, சேரி எது என்று அங்கிருந்து யாராலும் சொல்ல முடியாது. சேலத்தின் பழைய மீட்டர்கேஜ் இரயிலைப் பற்றிச் சிலர் உருகி எழுதுவதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த இடம்தான் நினைவுக்கு வருகிறது. மேலே நின்று பார்க்கிறவர்களுக்கு எல்லாம் ஒன்றாகத்தான் தெரியும்.

சேலத்திலிருந்து அயோத்தியாப்பட்டணம், வாழப்பாடி, ஆத்தூர், சின்னசேலம் வழியாக விருத்தாசலம் போன இரயில் அது. 2000-களில் அகலப்பாதை வந்ததும் அந்தச் சின்ன இரயில் போய்விட்டது. அதன் கூவலும், நின்று நின்று போன நிதானமும், சன்னலோரம் விற்ற வேர்க்கடலையும் நினைவில் இருப்பதில் தவறில்லை. எங்களுக்கும் இருக்கிறது. ஆனால் கடைசியில் ஒரு வரி சேர்க்கிறார்களே, "அந்தக் காலத்தில் சாதியா பார்த்தோம்? எல்லோரும் ஒரே பெட்டியில்தானே வந்தோம்" என்று, அங்கேதான் நாம் கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது.

ஒரே பெட்டியில் வந்தீர்கள், சரி. யார் வரவைத்தது? உங்கள் பெருந்தன்மையா? இரயில்வே எல்லோருக்கும் ஒரே டிக்கெட்டைக் கொடுத்தது. அதில் சாதி அச்சிடப்படவில்லை. அவ்வளவுதான். அதே ஆட்கள் வாழப்பாடியில் இறங்கி டீக்கடைக்குப் போனால் தனிக் குவளை காத்திருந்தது. கூலி வேலைக்குச் சேலம் வந்துபோன என் பாட்டி, கையில் டிக்கெட் இருந்தும் கதவோரம் தரையில்தான் உட்காருவார். "சீட்டு காலியாத்தானே இருக்கு ஆயா?" என்று கேட்டால், "நம்ம ஊரு கவுண்டரு யாராச்சும் ஏறிட்டா?" என்பார். டிக்கெட் கொடுத்த உரிமையை ஊர் எடுத்துக்கொண்டது. அந்தப் பெட்டியில் இருக்கையில் உட்கார்ந்து வந்தவருக்குச் சமத்துவம் நினைவிருக்கிறது. தரையில் உட்கார்ந்தவரை அவருக்கு நினைவில்லை.

இரயில் நிலையமும் அப்படித்தான். 1901-இல் ஒன்பது வயது அம்பேத்கர் தன் அண்ணனோடும் உறவுப் பிள்ளைகளோடும் தந்தையைப் பார்க்கப் போய் மசூர் நிலையத்தில் இறங்கினார். நல்ல உடை அணிந்த பிள்ளைகளைப் பார்த்து அன்போடு விசாரித்த நிலைய அதிகாரி, அவர்கள் மகர்கள் என்று தெரிந்ததும் முகம் மாறிப் போய்விட்டார். எந்த வண்டிக்காரரும் ஏற்றிக்கொள்ளவில்லை. இரட்டிப்புக் கூலி கொடுத்து, அந்தப் பிள்ளைகளே மாட்டு வண்டியை ஓட்ட, வண்டிக்காரர் கூடவே நடந்து வந்தார். இரவெல்லாம் குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை. இங்கே தமிழ்நாட்டில், இரயில் நிலைய உணவு விடுதிகளில் பார்ப்பனருக்குத் தனி இடம், மற்றவருக்குத் தனி இடம் என்றிருந்தது. பெரியாரும் அவரது இயக்கமும் போராடிய பிறகே 1941-இல் அது ஒழிந்தது. காலம் மாறியதால் தானாக ஒழியவில்லை.

இன்னும் கீழே, தண்டவாளத்துக்கு வாருங்கள். இரயில்வே வந்தால் பரம்பரைத் தொழில் பிரிவினை கரையும், அதன்மேல் நிற்கும் சாதியும் கரையும் என்று 1853-இல் கார்ல் மார்க்ஸ் எதிர்பார்த்தார். நடந்தது என்ன? பெட்டியின் கழிப்பறையில் ஓட்டை வைத்து மலத்தைத் தண்டவாளத்தில் விழவிட்டார்கள். அதை அள்ள ஒரு வேலையை உண்டாக்கி, அந்த வேலைக்கு நம் மக்களையே இறக்கினார்கள். மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதற்கு எதிரான முதல் சட்டம் 1993-இல் வந்தது. இரண்டாவது 2013-இல் வந்தது. அதிலும் பாதுகாப்புக் கருவி கொடுத்துவிட்டால் அவரைக் கையால் மலம் அள்ளுபவராகக் கருத வேண்டாம் என்று ஒரு சந்து விட்டார்கள். 2014 மார்ச் 27 அன்று சஃபாய் கர்மச்சாரி ஆந்தோலன் வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், தண்டவாளத்தில் இந்த இழிவுக்குக் காலவரையறை வைத்து முடிவு கட்டுமாறு இரயில்வேக்கே தனியாக உத்தரவிட வேண்டியிருந்தது. இப்போது உயிரிக் கழிப்பறைகள் வந்துவிட்டன. ஆனால் நிலையத்தைப் பெருக்கிக் கழுவும் வேலை ஒப்பந்தக்காரர் கைக்குப் போய்விட்டது. அந்த வேலையில் நிற்பவர்கள் யார் வீட்டுப் பிள்ளைகள்?

இதைச் சொன்னால் "இரயிலிலும் சாதியா?" என்று சலித்துக்கொள்கிறார்கள். நாம் இரயிலின் எதிரிகள் இல்லை, தோழர்களே. நம்மில் பலருக்கு ஊரைவிட்டு வெளியேறக் கிடைத்த முதல் வழி அதுதான். பண்ணைக் கூலியிலிருந்து நகரத்துக்கும், நகரத்துப் பள்ளிக்கும் விடுதிக்கும் நம் முந்தைய தலைமுறையைக் கொண்டுவந்து சேர்த்தது அந்த மெதுவான இரயில். அதன்மேல் நமக்கும் பாசம் உண்டு. உங்களுக்கு அது ஊருக்குத் திரும்பும் இரயில். எங்களுக்கு அது ஊரிலிருந்து தப்பிய இரயில். இரண்டு நினைவுகளையும் ஒன்றாக்கி, "நம்ம ஊரு, நம்ம இரயிலு" என்று பொதுவில் வைக்காதீர்கள்.

மலையிலும் இதே கதைதான். ஏற்காட்டுக்கு 1820-களில் காபியைக் கொண்டுவந்தவர் என்று கலெக்டர் காக்பர்னின் பெயரைச் சொல்லாத சுற்றுலாக் குறிப்பு இல்லை. காபித் தோட்டங்களில் முதுகொடிந்த கூலிகளின் பெயர் எதிலும் இல்லை. சேர்வராயனைக் கும்பிட்டு அந்த மலையிலேயே வாழ்ந்த மலையாளிப் பழங்குடி மக்கள், அந்தக் குறிப்புகளில் மே மாதத் திருவிழாக் காட்சியாக மட்டும் வந்துபோகிறார்கள்.

பழைய என்ஜினுக்கு வண்ணம் பூசி நிலைய வாசலில் நிறுத்துகிறார்கள். நிறுத்தட்டும். பக்கத்தில் ஒரு பலகையும் வையுங்கள். இந்த நாட்டு இரயில் நிலையங்களில் சாதி பார்த்து உணவு பரிமாறினார்கள், 1941-இல் போராடி அதை ஒழித்தோம் என்று எழுதுங்கள். இந்தத் தண்டவாளத்தைப் போட்டவர்களையும் மலம் அள்ளிச் சுத்தம் செய்தவர்களையும் பற்றி எழுதுங்கள். இன்று அங்கே துடைப்பம் பிடிக்கும் தொழிலாளர்களுக்கு நிரந்தர வேலையும் உரிய ஊதியமும் கொடுங்கள்.

அதற்குப் பிறகு சன்னலோர வேர்க்கடலையைப் பற்றிப் பேசலாம். நாங்களும் சேர்ந்து பேசுகிறோம்.