கம்பு முறியலாம், கண் போகக் கூடாது!

அமெரிக்காவில் 1977-ம் ஆண்டு "ஸ்டார் வார்ஸ்" என்ற படம் வெளிவந்தது. அதில் வீரர்கள் ஒளி வீசும் வாளால் சண்டை போட்டார்கள். 1999-ம் ஆண்டு அந்த வரிசையில் இன்னொரு படம் வந்தது. அதில் டார்த் மால் என்ற வில்லன், இரு முனையிலும் ஒளி வீசும் கம்பைச் சுழற்றினான்.

படம் பார்த்தவர்களுக்கு ஆசை பிறந்தது. அதே போலக் கம்பு செய்து, மோதிப் பார்க்கத் தொடங்கினார்கள். இன்று அது விளையாட்டாகவே வளர்ந்துவிட்டது. பிரான்ஸ் நாட்டு வாள்வீச்சு சம்மேளனம் 2019-ம் ஆண்டு ஒளி வாள் சண்டையைப் போட்டியாக ஏற்றுக்கொண்டது.

வேடிக்கைதானே என்று இதைத் தள்ளிவிட முடியாது. ஒளி பொய், அடி மெய்!

எதில் செய்வது?

சினிமாவில் ஒளியைப் பிறகு சேர்த்தார்கள். ஆடுகளத்தில் அது நடக்காது. குழாய்க்குள் ஒளி பாய வேண்டும். அதே குழாய் அடியையும் தாங்க வேண்டும்.

அதற்கு ஏற்றது "பாலிகார்பனேட்" என்ற பிளாஸ்டிக். கலகம் அடக்கும் போலீசாரின் கேடயத்துக்கும் இது பயன்படுகிறது. அடி விழுந்தால் வளைந்து கொடுக்கும். அக்ரிலிக் பிளாஸ்டிக் அப்படி அல்ல. சில்லுச் சில்லாகத் தெறிக்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்று போலவே இருக்கும். ஆகவே, கேட்டு வாங்க வேண்டும்.

குழாயின் குறுக்களவு பெரும்பாலும் 1 அங்குலம். சும்மா சுழற்ற 2 மில்லி மீட்டர் தடிமன் போதும். மோதுவதற்கு 3 மில்லி மீட்டர் தேவை. பெட்ரோல், தின்னர் போட்டுத் துடைக்கக் கூடாது. துடைத்தால் விரிசல் விடும். சோப்புத் தண்ணீர் போதும்.

எங்கே முறியும்?

இரட்டைக் கம்பு என்பது, இரண்டு அலுமினியக் கைப்பிடிகளை நடுவில் மரை போட்டு இணைத்தது. ஒரு முனையில் விழும் அடி, நடுவில் உள்ள இணைப்பை நெம்புகிறது. பெரும்பாலும் முறிவது அங்கேதான். எனவே, மரை நீளமாக இருக்க வேண்டும். குழாய் கைப்பிடிக்குள் ஆழமாக இறங்க வேண்டும். அதைப் பிடிக்கும் திருகை அளவோடு முடுக்க வேண்டும். பேட்டரி உள்ளே ஆடக் கூடாது.

சிலர் உறுதிக்காக உள்ளே இரும்புக் கம்பியைச் செருகுவார்கள். இது பெரிய தவறு. அப்புறம் அது விளையாட்டுக் கம்பு அல்ல, இரும்புத் தடி! கம்பு முறியாது, எதிரே நிற்பவரின் எலும்பு முறியும். உறுதி வேறு, கனம் வேறு.

பின்முனையைப் பாருங்கள்

ஒற்றை வாளில் இல்லாத ஆபத்து இதில் உண்டு. முன்முனை எதிராளியை நோக்கிப் போகும்போது, பின்முனை பின்னால் வீசுகிறது. ஆடுகிறவன் அதைப் பார்ப்பதில்லை. பின்னால் ஒரு குழந்தை நின்றால் என்ன ஆகும்?

பிரான்ஸ் நாட்டு விதிகளைப் பாருங்கள். ஆட்டம் 3 நிமிடம். தலையிலோ உடலிலோ பட்டால் 5 புள்ளி. கை, காலில் பட்டால் 3 புள்ளி. ஒவ்வொரு அடிக்கும் முன்பு வாளின் நுனியைப் பின்னால் கொண்டு போக வேண்டும். இதனால் வீச்சு இருக்கும், குத்து இருக்காது.

வீட்டிலும் இந்த ஒழுங்கு வேண்டும். கம்பி வலை முகமூடியும் கையுறையும் இல்லாமல் மோதவே கூடாது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்பு குழாயில் விரிசல் உண்டா, இணைப்பு ஆடுகிறதா என்று பார்க்க வேண்டும். விரிசல் கண்ட குழாயைத் தயங்காமல் தூக்கி எறிய வேண்டும்.

கம்பு வாங்கிக் கொடுக்கும் பெற்றோர், முதலில் முகமூடி வாங்கிக் கொடுக்கட்டும். கையில் பணம் மிஞ்சினால் கம்பு வாங்கலாம். கம்பு முறிந்தால் கடையில் வேறு கிடைக்கும். கண் போனால் எந்தக் கடையில் வாங்குவது?