புத்திமதிக்கு முன் செவிமடுப்போம்

"நடந்தது நடந்து போச்சு, அழாதேங்கோ." காணியையும் கிணற்றையும் விட்டு வந்தவரிடம் நாம் உடனே சொல்வது இதுதான். நல்ல மனத்தோடுதான் சொல்கிறோம். ஆனால் அது அவருடைய வாயை அடைத்துவிடுகிறது. உளவளத்துணை பயில்வோர் முதலில் விடவேண்டிய பழக்கம் இதுவே.

அமெரிக்க உளவியலாளர் கார்ல் றொஜர்ஸ் (1902–1987) பண்ணையில் வளர்ந்தவர். பல்கலைக்கழகத்தில் முதலில் விவசாயம் பயின்றவர். துணையாளருக்கு வேண்டிய மூன்று பண்புகளை அவர் 1957இல் வலியுறுத்தினார்: போலியின்றி இருத்தல், குற்றங்காணாது ஏற்றல், ஒத்துணர்தல்.

ஒத்துணர்வு வேறு, இரக்கம் வேறு. இரக்கம் மேலே நின்று பார்க்கும். ஒத்துணர்வு பக்கத்தில் இருந்து பார்க்கும். "மாடுகளைக் கட்டினபடி விட்டிட்டு வந்திட்டன்" என்று ஒரு தகப்பன் சொல்கிறார். "வேறை மாடு வாங்கலாம்" என்பது புத்திமதி. "அவிழ்த்துவிடாமல் வந்தது இன்னும் உங்களை வாட்டுது, என்ன?" என்பது ஒத்துணர்வு. அதன் பிறகுதான் அவர் மிச்சத்தையும் சொல்லுவார். சொன்னதை வெளியே கொண்டுபோகாதிருப்பது துணையாளரின் கடமை. சாகும் எண்ணம் தெரிந்தால் மட்டும் தாமதியாது வைத்திய உதவியை நாடவேண்டும்.

உங்களிடம் வரும் பயிலுநர் உங்களைவிடக் கூடுதலாகப் பேசினால் தயங்காமல் சொல்லுங்கள்: "தம்பி, கொஞ்சம் கேளும்." அவருக்கும் அது நல்ல பாடம்.