இல்லாத அனுமதிக்கு மரியாதை

துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்வதற்கு ஒரு மாநிலம் தரும் அனுமதியை ஏனைய மாநிலங்கள் அனைத்தும் ஏற்றே தீர வேண்டும் என்னும் மசோதாவுக்கு, அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் நீதித்துறைக் கமிட்டி 2025 மார்ச் 25ஆம் தேதி, 18 பேர் ஆதரிக்க, 9 பேர் எதிர்க்க, சம்மதம் அளித்துச் சபைக்கு அனுப்பிவைத்த செய்தியை வாசகர்கள் அறிவார்கள். மசோதாவின் ஷரத்துகளும் இரு தரப்பாரின் வாதங்களும் வேண்டிய அளவு பிரசுரமாகிவிட்டபடியால் அவற்றை இங்கே மறுபடியும் ஒப்பிக்கப் போவதில்லை. 2017 டிசம்பர் 6ஆம் தேதி 231க்கு 198 என்ற கணக்கில் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறி, செனட்டில் தீண்டுவாரின்றி மடிந்த மசோதாதான் இப்போது மறுஜன்மம் எடுத்து வந்திருக்கிறது. மடிந்ததை எழுப்புகிறவர்கள், அது எந்த வியாதியால் மடிந்தது என்று சற்றேனும் விசாரித்துவிட்டு எழுப்பியிருப்பார்கள் என எதிர்பார்த்தோம். வியாதியையும் சேர்த்தே எழுப்பியிருக்கிறார்கள்.

மசோதாவை வேண்டுகிறவர்கள் எடுத்துக்காட்டும் துயரம் கற்பனையன்று என்பதை ஒப்புக்கொள்கிறோம். பென்சில்வேனியா கொடுத்த லைசென்ஸை நம்பித் துப்பாக்கியுடன் 2013இல் நியூ ஜெர்ஸிக்குள் காரோட்டி வந்த ஃபிலடெல்ஃபியாப் பெண்மணி ஒருவர், வழியில் நிறுத்திய போலீஸ்காரரிடம் ஆயுதம் இருப்பதைத் தாமாகவே சொல்லி, சொன்ன உண்மையின் பயனாகவே கைதாகி, மூன்று ஆண்டுக்குக் குறையாத சிறைவாசத்தை எதிர்நோக்கி நின்றது கொடுமைதான். ஆனால் அந்தக் கொடுமைக்கு நியூ ஜெர்ஸியே பரிகாரம் தேடிக்கொண்டது; 2014இல் அரசு வழக்கறிஞர்களுக்குப் புதிய வழிகாட்டுதல் பிறந்தது, 2015இல் கவர்னர் மன்னிப்பு வழங்கினார். தோட்டாவை அகற்றி, கைக்கெட்டாத இடத்தில் துப்பாக்கியைப் பூட்டி வைத்துக்கொண்டு மாநிலங்களைக் கடந்து செல்லும் வழிப்பயணிக்கு 1986ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் ஏற்கெனவே பாதுகாப்பு அளிக்கிறது. அறியாமல் எல்லை தாண்டியவருக்கு இன்னும் தாராளமான இரக்கம் வேண்டுமென்றால் அதற்கு யாரும் குறுக்கே நிற்கப் போவதில்லை.

நம்முடைய ஆட்சேபம், இரக்கத்தின் பெயரால் உள்ளே நுழைக்கப்பட்டிருக்கும் வேறொன்றைப் பற்றியது. அனுமதியை மதிக்க வேண்டும் என்று கூறிப் புறப்பட்ட இந்த மசோதா, அனுமதி என்பதே இல்லாத நிலையையும் அனுமதியாகப் பாவித்து மதிக்கச் சொல்கிறது. அமெரிக்காவின் ஐம்பது மாநிலங்களில் 29, துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்ல இன்று லைசென்ஸ் எதையும் கேட்பதில்லை. வெர்மான்ட் என்றுமே கேட்டதில்லை. 2003இல் அலாஸ்காவும், 2010இல் அரிஸோனாவும், 2021இல் டெக்ஸாஸும், 2023இல் ஃப்ளோரிடாவும், 2024இல் தென் கரோலினாவும் லூயிசியானாவும் கேட்பதை நிறுத்திக்கொண்டன. அங்கே வகுப்பில் உட்கார வேண்டியதில்லை, குறி பார்த்துச் சுட்டுக் காட்ட வேண்டியதில்லை, ஓர் அதிகாரியின் முன் விண்ணப்பத்தை நீட்ட வேண்டியதுமில்லை. அது அந்த மாநிலங்களின் இஷ்டம். அவற்றின் பிரஜைகள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் அதற்கு இசைந்திருக்கிறார்கள், பலனையும் அந்தப் பிரஜைகளே அனுபவிக்கட்டும். ஆனால் அந்த மாநிலத்தவர் ஒருவர் புகைப்படம் ஒட்டிய அடையாளச் சீட்டு ஒன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்தால், அந்தச் சீட்டே நியூ யார்க்கிலும் இல்லினாயிலும் அவருடைய இடுப்புத் துப்பாக்கிக்குப் பட்டயமாகிவிடும் என்பது எந்த நியாய சாஸ்திரத்தில் எழுதியிருக்கிறது?

நியூ யார்க் மாநிலம் 2022ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தன் பிரஜையிடம் 16 மணி நேர வகுப்பையும், 2 மணி நேரத் துப்பாக்கிப் பயிற்சியையும், 21 வயது நிரம்பியிருப்பதையும் கேட்கிறது. இல்லினாயும் 16 மணி நேரப் பயிற்சி கேட்கிறது. தென் கரோலினாவிலோ 18 வயது போதும், பயிற்சி வேண்டாம். இனி, மன்ஹாட்டனில் பிறந்து வளர்ந்து நாற்பது ஆண்டுகளாக வரி செலுத்தி வரும் ஒருவர் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கையில், பரீட்சை எதுவும் எழுதாத பதினெட்டு வயதுப் பையன் அவருடைய வீதியில் அதே ஆயுதத்துடன் அவருக்கு முன்னே நடந்து போவான். உள்ளூர்வாசிக்கு ஒரு நீதி, வந்தவனுக்கு ஒரு நீதி என்று சட்டமே கிழித்துக் காட்டும் இந்தக் கோட்டை நாம் வேறெங்கும் கண்டதில்லை. இதற்கும் மேலே ஒரு படி உண்டு. எந்த மாநிலம் கொடுத்த லைசென்ஸாயினும் செல்லும் என்று மசோதா கூறுவதால், சொந்த மாநிலத்தின் பரீட்சையில் தேறாதவர், வெளியூரார்க்கும் லைசென்ஸ் வழங்குகிற, ஒரு தோட்டாவும் சுட்டுக் காட்டக் கேளாத யூட்டா மாநிலத்துக்கு விண்ணப்பித்து, அந்தச் சீட்டைக் கொண்டுவந்து தம் சொந்த வீதியிலேயே உலாவலாம். ஊருக்கு ஊர் படியளவு வேறுபடும் சந்தையில், ஆகச் சிறிய படி எந்தக் கடையில் இருக்கிறதோ அதையே எல்லோரும் எடுத்து அளக்க வேண்டும் என்று உத்தரவிடுவதற்கும் இதற்கும் பேதமில்லை.

பரீட்சை வைப்பது பிரஜையை அவமதிப்பதாகும் என்பார்க்கு, இதே அமெரிக்கக் காங்கிரஸ் 2004ஆம் ஆண்டில் இயற்றிய சட்டத்தை நினைவூட்டுகிறோம். பணியிலிருப்போரும் ஓய்வு பெற்றோருமான போலீஸார் எந்த மாநிலத்திலும் துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லலாம் என்று அந்தச் சட்டம் கூறிற்று. கூறும்போது, ஓய்வு பெற்றவர் கடந்த 12 மாதங்களுக்குள் துப்பாக்கிப் பரீட்சையில் தேறியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் விதித்தது. ஆயுளின் பெரும் பகுதியை ஆயுதத்தோடு கழித்த கிழப் போலீஸ்காரர் ஆண்டுதோறும் சுட்டுக் காட்ட வேண்டும். ஆயுதத்தை நேற்று விலைக்கு வாங்கிய இளைஞன் எதையும் காட்ட வேண்டியதில்லை. இவ்விரண்டையும் ஒரே சட்டத் தொகுப்பில் அடுத்தடுத்து வைக்கக் கமிட்டியாருக்குக் கை கூசவில்லை.

சோதனை உள்ள இடத்திலேயே சோதனை எவ்வாறு நடக்கிறது என்பதற்கும் சாட்சி உண்டு. ஃப்ளோரிடாவில் இந்த லைசென்ஸை வழங்குவது விவசாய இலாகா. அந்த இலாகாவின் ஊழியர் ஒருவர், மத்திய அரசின் தகவல் ஏட்டுக்குள் தம்மால் நுழைய முடியவில்லை என்ற காரணத்தால், 2016 பிப்ரவரியிலிருந்து ஓராண்டுக்கு மேல் அதைத் திறந்தே பாராமல் விட்டார் என்பது 2018இல் வெளியாயிற்று. கொடுத்த லைசென்ஸ்களில் 291ஐப் பின்னர் ரத்துச் செய்ய நேர்ந்தது. சோதனை உள்ளபோதே இந்த லட்சணம் என்றால், சோதனையே அற்ற மாநிலத்தின் மௌனத்தை எந்த நம்பிக்கையில் மற்றவர்கள் ஏற்பது? இரவு இரண்டு மணிக்கு நெடுஞ்சாலையில் ஒரு காரை நிறுத்தும் போலீஸ்காரர் எந்த ஏட்டைப் புரட்டி உண்மை காண்பது? லைசென்ஸ்களுக்கென நாடு தழுவிய பதிவேடு கிடையாது. பார்வைக்குச் சரியாகத் தோன்றும் சீட்டை ஆதாரமாகக் கொள்ள வேண்டும் என்கிறது மசோதா. தவறிக் கைது செய்தால் அவர்மீதே வழக்குத் தொடரலாம் என்றும் அச்சுறுத்துகிறது. போலீஸ் தலைவர்களின் சர்வதேச சங்கம் இந்த யோசனையை எதிர்த்து வந்திருப்பதன் காரணத்தை ஊகிக்கப் பெரும் புத்திக்கூர்மை தேவையில்லை.

கார் ஓட்டும் லைசென்ஸை எல்லா மாநிலங்களும் ஏற்கவில்லையா என்று கேட்பது இப்போது வழக்கமாகிவிட்டது. ஏற்கின்றன, எல்லா மாநிலங்களும் பரீட்சை வைக்கின்றன என்பதனாலேயே ஏற்கின்றன. பரீட்சை வைக்காத மாநிலம் ஒன்று இருந்து, அங்கிருந்து வருகிறவரிடம் வீட்டு விலாசத்தை மட்டும் பார்த்துவிட்டுச் சாலையில் விடச் சொன்னால் எந்த மாநிலமும் இசையாது. துப்பாக்கி விஷயத்திலும் மாநிலங்கள் ஒன்றையொன்று சீர்தூக்கிப் பார்த்து உடன்பாடு செய்துகொள்ள வல்லவையே. வர்ஜினியாவின் அட்டர்னி ஜெனரல் 2015 டிசம்பரில், 25 மாநிலங்களின் விதிகள் தம் மாநிலத்தின் விதிகளுக்கு ஈடாக இல்லை எனக் கண்டு அவற்றின் லைசென்ஸ்களை ஏற்க மறுத்தார். அடுத்த மாதமே கவர்னரும் சட்டசபையாரும் பேரம் பேசி, எல்லா லைசென்ஸையும் ஏற்று, பதிலாகக் குடும்ப வன்முறைக்காகத் தடையுத்தரவு பெற்றவர்களிடமிருந்து துப்பாக்கியை விலக்கினார்கள். அந்தப் பேரத்தை நாம் மெச்சுகிறோமோ இல்லையோ, அதைச் செய்தவர்கள் வர்ஜினியாவின் வாக்காளர்க்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள்.

மாநில சுயாதிகாரத்தின் காவலர்கள் என்று இம்மசோதாவின் கர்த்தாக்கள் தம்மைத் தாமே வர்ணித்துக்கொள்வதைக் கேட்கும்போதுதான் நம் பொறுமை எல்லை கடக்கிறது. ஒரு மாநிலத்தில் செல்லுபடியாகும் ஒருபாலினத் திருமணத்தை மற்றொரு மாநிலம் ஏற்க வேண்டியதில்லை என்று 1996இல் சட்டம் செய்தது இந்தக் காங்கிரஸ்தான். அண்டை மாநிலத்தின் தம்பதியரை அன்று வாசலில் நிறுத்தலாம், அண்டை மாநிலத்தின் கைத்துப்பாக்கியை இன்று நிறுத்தக் கூடாது என்பதா சித்தாந்தம்? சுப்ரீம் கோர்ட்டு இதைக் கேட்டதா என்றால், அதுவும் இல்லை. 1911ஆம் ஆண்டு முதல் நிலவிய நியூ யார்க் சட்டத்தின் மையவிதியை 2022 ஜூன் 23ஆம் தேதி ஆறுக்கு மூன்று என்ற தீர்ப்பால் வீழ்த்திய அதே நீதிமன்றம், பின்னணிச் சோதனையையும் பயிற்சியையும் கேட்டு லைசென்ஸ் வழங்கும் மாநிலங்களின் முறையைத் தான் சந்தேகிக்கவில்லை என்பதையும் உணர்த்திற்று. நீதிபதிகள் விட்டுவைத்ததை இவர்கள் பறிக்க வருகிறார்கள்.

வரலாறு தெரிந்தவர்களுக்கு இதில் வியப்பில்லை. ஆள்கள் மாறினாலும் நாற்காலிகளின் குணம் மாறாத மன்றம் அது. துப்பாக்கிச் சாவுகளின் காரணத்தை ஆராய்ந்த மத்திய சுகாதார நிலையத்தின் கையை 1996இல் கட்டிப்போட்டு, அந்த ஆராய்ச்சிக்கென மறுபடியும் பணம் ஒதுக்க 2019 இறுதிவரை காத்திருந்தார்கள். போர்க்களத் துப்பாக்கிகளின் மீது பத்தாண்டுகள் இருந்த தடை 2004 செப்டம்பரில் காலாவதியாவதைக் கைகட்டிப் பார்த்திருந்தார்கள். மறு ஆண்டே துப்பாக்கி உற்பத்தியாளர்களை வழக்குகளிலிருந்து காக்கச் சட்டம் செய்யச் சுறுசுறுப்பு வந்துவிட்டது. நியூடவுனில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் பள்ளிக்கூடத்தில் மாண்டு நான்கு மாதங்களில், 2013 ஏப்ரல் 17ஆம் தேதி, வாங்குவோரின் பின்னணியைச் சோதிக்கும் திருத்தத்துக்கு செனட்டில் 54 வாக்குகளே விழுந்தன. அதே நாளில், லைசென்ஸ்களைக் கட்டாயமாக ஏற்கச் செய்யும் திருத்தத்துக்கு 57 விழுந்தன. இரண்டும் 60ஐ எட்டாமல் தோற்றன என்பது உண்மை. எதற்கு மூன்று வாக்குகள் அதிகம் என்பதும் உண்மை. 2017 நவம்பரில் டெக்ஸாஸின் ஸதர்லண்ட் ஸ்ப்ரிங்ஸ் தேவாலயத்தில் 26 உயிர்கள் பலியாகி, கொலையாளியின் பழைய தண்டனையை விமானப் படை மத்திய ஏட்டுக்குத் தெரிவிக்காததே அவனுக்குத் துப்பாக்கி கிடைத்த வழி என்று தெரிந்தபோது, அந்த ஓட்டையை அடைக்கும் எளிய மசோதாவை, இரு கட்சியினரும் ஆதரித்த அந்த மசோதாவை, இந்தக் கட்டாய ஏற்பு மசோதாவோடு முடிச்சுப் போட்டு, பிணங்களின் மீது பேரம் பேசினார்கள்.

இனிச் செய்ய வேண்டியது என்ன? மாநிலங்கள் தாமே கலந்து பேசி, வயது, பயிற்சி, நன்னடத்தை முதலியவற்றில் யாவரும் ஒப்பும் பொதுத் தகுதி ஒன்றை வகுத்துக்கொள்வதும், அந்தத் தகுதியுடைய பயணியைத் தயக்கமின்றி வரவேற்பதும் விவேகமான மார்க்கமாகும். அதன் விவரங்களை அனுபவமும் நிதானமும் உள்ளவர்கள் ஆற அமர யோசித்து அமைக்கட்டும். கமிட்டியாரிடம் நாம் கேட்பது அவ்வளவுகூட இல்லை. ஓய்வு பெற்ற போலீஸ்காரரிடம் கேட்கத் துணிந்ததை, பதினெட்டு வயதுப் பையனிடமும் கேளுங்கள். அதைக் கேட்கத் துணிவில்லாதவர்கள், கேட்கிற மாநிலங்களின் வாயை அடைக்கும் துணிவை யாரிடமிருந்து பெற்றார்கள் என்பதையாவது தங்கள் வாக்காளர்களுக்குச் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.