மண்ணைப் பட்டினி போட்டவர்கள் எங்களிடம் கிலோ கேட்கிறார்கள்

சம்பளப் பேச்சு வரும்போதெல்லாம் கம்பனிக்காரர்களுக்கு ஒரே பாட்டுத்தான். தொழிலாளி பறிப்பது போதாது, உற்பத்தித்திறன் இல்லை, கிலோவைக் கூட்டினால் சம்பளத்தைப் பற்றிப் பேசலாம். 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1000 ரூபா என்று வர்த்தமானி வந்ததும் பல தோட்டங்களில் என்ன நடந்தது? கிலோ கூடியது. தராசில் குறைந்தால் அரைப்பேர். கொழுந்து இல்லாத மலையில் எந்தக் கை பறித்தாலும் கூடை நிறையாது என்பது கணக்கப்பிள்ளைக்கும் தெரியும், துரைக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் அரைப்பேர் போடுகிறார்கள்.

தோழர்களே, கொழுந்து எங்கிருந்து வருகிறது என்பதை நாம் பேச வேண்டும். உயிருள்ள நல்ல மண்ணில் ஒரு தேக்கரண்டி எடுத்தால் அதில் கோடிக்கணக்கான பற்றீரியாக்கள் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத பங்கசு நூல்கள் அதற்குள் ஓடும். விழுந்த இலையை உக்க வைப்பதும், உக்கியதை வேர் உறிஞ்சக்கூடிய சத்தாக மாற்றுவதும் இவைதான். மண்ணைக் கட்டியாகப் பிடித்து, மழை அள்ளிக்கொண்டு போகாமல் வைப்பதிலும் இவற்றுக்குப் பங்குண்டு. இவற்றின் சாப்பாடு இலைதழையும் கவ்வாத்து வாதும் நிழல் மரங்களின் சருகும்தான்.

அந்தச் சாப்பாட்டுக்கு என்ன நடந்தது? பல தோட்டங்களில் நிழல் மரங்கள் லொறியேறிப் போய்விட்டன. கான் வெட்டுக்கு ஆள் போடுவதில்லை. மேல்மண் ஓடையில் கலங்கி ஓடுகிறது. மிஞ்சியது யூரியா மூடை மட்டுமே. யூரியாவை மண்ணிலுள்ள நுண்ணங்கிகள் முதலில் அமோனியமாகவும் பிறகு நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. இந்த இரண்டாவது மாற்றத்தில் மண் புளிக்கிறது. தேயிலை புளிப்பு மண்ணை விரும்பும் செடிதான், ஆனால் அதற்கும் எல்லை உண்டு. பீஎச் 4.5க்கும் 5.5க்கும் இடையில் இருந்தால்தான் அது நன்றாக இருக்கும். அதற்குக் கீழே இறங்காமலிருக்கத்தான் கவ்வாத்துக் காலத்தில் டொலமைட் போடச் சொல்கிறார்கள். நைத்திரேற்றோ மழையோடு கரைந்து கீழே போய்விடும். ஒரு பங்கு வாயுவாகிக் காற்றிலும் கலக்கும். காசு கொடுத்து வாங்கிய உரத்தில் செடிக்குப் போய்ச் சேருவது கொஞ்சந்தான்.

கவ்வாத்து வாதைத் தொழிலாளர்கள் விறகுக்கு எடுப்பதால்தான் மண் கெட்டது என்றும் சில துரைமார் சொல்வதுண்டு. லயத்து அடுப்புக்கு வேறு வழி செய்து கொடுத்துவிட்டுச் சொல்லட்டும்.

பழைய தேயிலையைப் பிடுங்கிய மலையில் உடனே கன்று நடக்கூடாது; மானாப் புல்லோ கோத்தமாலாப் புல்லோ வளர்த்து 18 முதல் 24 மாதம் மண்ணைத் தேற்றிய பிறகுதான் நட வேண்டும் என்பது தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் பரிந்துரை. அவ்வளவு காலம் வருமானமில்லாமல் இருக்கக் கம்பனிக்கு மனமில்லை. ஆகவே வெள்ளைக்காரன் காலத்து விதைத் தேயிலையிலேயே இன்றைய கிலோவைக் கேட்கிறார்கள்.

ஆம்ஸ்டர்டாமில் வேலை செய்யும் டோபி கியர்ஸ் என்ற விஞ்ஞானியும் அவருடைய சகாக்களும் 2011இல் சயன்ஸ் சஞ்சிகையில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். செடியின் வேரில் வாழும் ஒருவகைப் பங்கசு, வேர் எட்டாத இடத்துக்கு நூல்விட்டுப் பொசுபரசைக் கொண்டுவந்து கொடுக்கும். செடி அதற்குச் சீனிச்சத்தைக் கொடுக்கும். தேயிலை வேரிலும் இவ்வகைப் பங்கசு உண்டு. ஆய்வு நடந்தது வேறொரு சிறிய அவரையினச் செடியில். கூடுதலாகக் கொடுத்த பங்கசுக்குச் செடி கூடுதலாகச் சீனி கொடுத்தது. பங்கசும் விட்டுக்கொடுக்கவில்லை. கூடுதலாகச் சீனி தந்த வேருக்கே கூடுதல் பொசுபரசைக் கொடுத்தது. இரண்டு பக்கமும் கையை இறுக்கிக்கொள்ள முடியும் என்பதால்தான் அந்தக் கொடுக்கல்வாங்கல் ஒழுங்காக நடக்கிறது. கம்பனியோ மண்ணுக்கும் கொடுப்பதில்லை, நமக்கும் கொடுப்பதில்லை. இரண்டிடமும் வாங்க மட்டும் வருகிறது.

இப்படிப் பேசினால் உடனே 2021ஐக் காட்டுவார்கள். சேதன விவசாயம் என்று சொல்லி ஒரே இரவில் இரசாயன உரத்தை நிறுத்தினார்களே, அது மண்ணின் மேலுள்ள அக்கறையா? சாணமும் கூட்டெருவும் நுண்ணங்கிகள் தின்று கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சத்தாக மாறும். பல்லாண்டு பட்டினி கிடந்த மண்ணால் ஒரு போகத்துக்குள் எழுந்து நிற்க முடியாது. நவம்பரில் தடையை எடுத்தார்கள், ஆனால் அதற்குள் உரத்தின் விலை கைக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. 2021இல் ஏறத்தாழ 300 மில்லியன் கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை, 2022இல் 250 மில்லியன் கிலோவளவுக்கு விழுந்தது. தீங்கான பற்றீரியா இருப்பதாக நமது அதிகாரிகளே சொல்லித் திருப்பிய சீனச் சேதன உரக் கப்பலுக்கு 67 இலட்சம் டொலர் கட்டினார்கள். வேலைநாள் குறைந்த தொழிலாளிக்கு யார் என்ன கட்டினார்கள்?

இந்த மண் கம்பனியின் அப்பன் வீட்டுச் சொத்தல்ல. அரச காணி. 1992இலிருந்து நடத்தக் கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆகவே கிலோவைத் தீர்மானிக்கும் மேசையில் அந்தந்த மலையின் மண் பரிசோதனை அறிக்கையை வைக்க வேண்டும். பீஎச் எவ்வளவு, சேதனக் காபன் எவ்வளவு, கடைசியாக டொலமைட்டும் உரமும் எப்போது போட்டார்கள், நூறு செடிக்கு எத்தனை வெற்றிடம் என்பது அதில் இருக்க வேண்டும். மோசமான மலைக்கு நல்ல மலையின் கிலோ போடக்கூடாது. கான் வெட்டுவதும் கூட்டெருப் போடுவதும் நிழல் மரம் நடுவதும் கொந்தரப்பு அல்ல, முழுப்பேருக்கான வேலை.

தோட்டத் தலைவர்மாரும் தலைவிமாரும் தங்கள் பிரிவில் ஒவ்வொரு மலையின் இலக்கம், கடைசிக் கவ்வாத்து, கடைசி உரம், இன்று கேட்கும் கிலோ, இந்த மாதம் அங்கே எத்தனை பேருக்கு அரைப்பேர் விழுந்தது என்பவற்றை ஒரு கொப்பியில் எழுதி, அடுத்த மாதக் கூட்டத்துக்கு முன் மாவட்டக் காரியாலயத்தில் கொடுங்கள்.